இதயமுடுக்கி, செயற்கை இதய வால்வு உடையோரும் துப்பாக்கி சுடுதலும்

இதயமுடுக்கி (பேஸ்மேக்கர்) அல்லது செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்ட ஒருவர் துப்பாக்கி சுடலாமா? சுட்டால் கருவிக்கு என்ன ஆகும், உடலுக்கு என்ன ஆகும்? இவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பலரும் அஞ்சுவது வெடிச் சத்தத்தையும் அதிர்ச்சியையும்தான். உண்மையான ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது: பின்கட்டை எந்தத் தோளில் பதிகிறது, துப்பாக்கி எவ்வளவு உதைக்கிறது, சுடுபவர் இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்கிறாரா, திடீரென மயங்கி விழும் வாய்ப்பு உள்ளவரா என்பவையே முக்கியம்.

யாருக்கு இந்தக் கேள்வி?

வீட்டுக்கு வீடு துப்பாக்கி இல்லாத நம் நாட்டில் இப்படி ஒரு கட்டுரை தேவையா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். தேவைதான். வங்கி வாசலிலும் பணம் ஏற்றிச் செல்லும் வண்டியிலும் இரட்டைக் குழல் துப்பாக்கியுடன் நிற்கும் காவலர்களைப் பாருங்கள். அவர்களில் பலர் இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து இரண்டாவது வேலை பார்ப்பவர்கள். ஐம்பதைக் கடந்த வயது, இதய நோய் தலைகாட்டும் வயது. காவல் துறையில் ஆண்டுதோறும் துப்பாக்கிப் பயிற்சி உண்டு. பள்ளி, கல்லூரிகளில் தேசிய மாணவர் படையினர் 0.22 ரைபிள் சுடுகிறார்கள். சிறு வயதிலேயே முடக்குக் காய்ச்சலால் வால்வு பழுதடைந்து அறுவை செய்துகொண்ட பிள்ளைகளும், பிறவியிலேயே இதய மின்னோட்டத் தடை உள்ள பிள்ளைகளும் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள்.

குலசேகரம், பேச்சிப்பாறை, திற்பரப்பு போன்ற மலையடிவார ஊர்களில் இன்னொரு காரணமும் உண்டு. மரச்சீனியும் வாழையும் நட்டவருக்குக் காட்டுப்பன்றியின் தொல்லை தெரியும். எல்லைக்கு அப்பால் கேரளத்தில், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரம் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களைக் கொண்டு இந்தப் பணி நடக்கிறது. தமிழ்நாட்டில் அந்த வேலை வனத்துறையின் கையில் உள்ளது. உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிக்கு அறுபது வயதில் இதயமுடுக்கி வைத்துவிட்டால், அடுத்த முறை அதைத் தோளில் ஏந்தலாமா என்பது ஏட்டுக் கேள்வியல்ல.

உதைப்பின் கணக்கு

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை ஒன்பதாம் வகுப்பில் நடத்தும்போது எல்லா ஆசிரியரும் துப்பாக்கியைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். குண்டு முன்னே போகிறது, துப்பாக்கி பின்னே வருகிறது. குண்டின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம். அதே உந்தம் துப்பாக்கிக்கும் உண்டு. அதைத் துப்பாக்கியின் நிறையால் வகுத்தால் அது பின்னோக்கி வரும் வேகம் கிடைக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே நம் கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும்.

விளையாட்டுப் போட்டியில் பயன்படும் 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கியை முதலில் எடுப்போம். குண்டு சுமார் அரை கிராம், வேகம் வினாடிக்கு 170 மீட்டர் அளவில். உந்தம் 0.085. துப்பாக்கி நாலரை கிலோ என்றால் பின்வரும் வேகம் வினாடிக்கு இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. தோளுக்குத் தெரியவே தெரியாது.

மாணவர் படையின் 0.22 ரைபிளில் குண்டு சுமார் 2.6 கிராம், வேகம் வினாடிக்கு 330 மீட்டர் அளவில். நான்கு கிலோ துப்பாக்கி வினாடிக்கு ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் வேகத்தில் பின்னே வரும். இயக்க ஆற்றல் பத்தில் ஒரு பங்கு ஜூல்கூட இல்லை. விரலால் மெல்லத் தள்ளியது போல இருக்கும்.

இனி 12 போர் துப்பாக்கி. வங்கிக் காவலரிடமும் பண்ணை வீட்டிலும் இருப்பது பெரும்பாலும் இதுதான். ஒரு தோட்டாவில் உள்ள ஈயக் குண்டுமணிகளின் மொத்த எடை 32 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வேகம் வினாடிக்கு 380 மீட்டர். உந்தம் 12-க்கு மேல். துப்பாக்கியோ மூன்று கிலோவுக்குச் சற்று அதிகம், சுமார் 3.2 கிலோ. பின்வரும் வேகம் வினாடிக்கு 3.8 மீட்டர், ஆற்றல் 23 ஜூல். இரண்டரைக் கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து தோளில் போட்டதற்குச் சமம். 0.22 ரைபிளோடு ஒப்பிட்டால் 250 மடங்கு. பழைய 0.303 ரைபிள் இவ்விரண்டுக்கும் இடையில், ஒன்பது ஜூல் அளவில் நிற்கும்.

இது குண்டின் உந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்ட கணக்கு. வெடிமருந்து எரிந்து பீறிடும் வாயுவுக்கும் உந்தம் உண்டு என்பதால் உண்மையான உதைப்பு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். மேலும், கட்டையைத் தோளோடு சேர்த்து அணைக்காமல் இடைவெளி விட்டுப் பிடித்தால் தள்ளாக வர வேண்டியது அடியாக வந்து விழும். கட்டையின் நுனியில் தடித்த ரப்பர் அட்டை பொருத்தினால் அடி சற்றுப் பரவி, மெல்லமாக இறங்கும். எங்கள் மலையடிவார ரப்பருக்கு இப்படியும் ஒரு பயன். ஆனால் அட்டையால் உந்தம் குறைவதில்லை, அது தோளுக்கு வந்து சேரும் நேரம்தான் நீள்கிறது.

ஆகவே "துப்பாக்கி சுடலாமா?" என்று மருத்துவரிடம் பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தத் துப்பாக்கி, எத்தனை தோட்டா, எந்தத் தோள் என்று சொல்லிக் கேட்க வேண்டும். காற்றுத் துப்பாக்கிக்குக் கிடைக்கும் விடை 12 போருக்குப் பொருந்தாது.

இதயமுடுக்கி எங்கே இருக்கிறது?

உடலுக்குள் வைக்கும் முதல் இதயமுடுக்கி 1958 அக்டோபர் 8 அன்று சுவீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தப்பட்டது. அறுவை செய்தவர் ஆக்கே சென்னிங், கருவியை உருவாக்கியவர் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர். முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆனால் லார்சன் அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார்.

இன்றைய கருவி தீப்பெட்டி அளவுதான். எடை பொதுவாக 20 முதல் 50 கிராம். காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, தோலுக்கும் மார்புத் தசைக்கும் இடையில் ஒரு சிறு பை போலப் பிரித்து அதற்குள் வைக்கிறார்கள். அங்கிருந்து ஒன்று அல்லது இரண்டு மெல்லிய மின்கம்பிகள் சிரை வழியாக இதயத்தின் வலப்புற அறைகளுக்குச் செல்கின்றன. இதயம் தானாகத் துடிக்கத் தவறும்போது கருவி சிறு மின்துடிப்பை அனுப்புகிறது.

துப்பாக்கிக்கும் இதற்கும் உள்ள சிக்கல் இந்த இட அமைப்பில்தான். பின்கட்டை பதியும் இடமும் காறை எலும்புக்குக் கீழே உள்ள அதே குழிவுதான். கருவியின் உறை உலோகத்தால் ஆனது, எளிதில் உடையாது. பலவீனமான பகுதி கம்பி. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே உள்ள குறுகிய சந்தில் கம்பி நுழைந்து போகுமானால், துப்பாக்கி இல்லாமலேயே, கையை ஓயாமல் தூக்கி இறக்கும் வேலையாலேயே அது நசுங்கி முறிவதுண்டு. அதன் மேல் மீண்டும் மீண்டும் உதைப்பு விழுந்தால் காப்புறை கிழியவோ கம்பி முறியவோ வாய்ப்பு அதிகம். கருவி இருந்த பக்கத்துத் தோளில் வைத்துச் சுட்டுக் கம்பி பழுதடைந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வந்துள்ளன. கருவியின் மேல் இருக்கும் தோல் மெலிந்தவர்களுக்கு உள்ளே இரத்தம் கட்டுவதும், தோல் அரிந்து புண்ணாவதும் கூடுதல் தொல்லை.

நல்ல வேளையாக, பெரும்பாலானோருக்குக் கருவி இடப்பக்கத்தில் வைக்கப்படுகிறது. வலக்கைக்காரர் வலக்கையால் வேலை செய்ய இடையூறு இருக்கக் கூடாது என்பது அதற்கு ஒரு காரணம். வலக்கைக்காரர் துப்பாக்கியையும் வலத்தோளில்தான் வைப்பார். எனவே கருவி ஒரு பக்கம், உதைப்பு மறுபக்கம். காயம் ஆறி, மருத்துவர் சரி என்று சொன்னபின், இவர்களில் பலர் சுடுவதில் பெரிய தடை இருப்பதில்லை. சிக்கல் இடக்கைக்காரருக்கும், வலப்பக்கம் கருவி வைக்க நேர்ந்தவருக்கும்தான். தோளை மாற்றிச் சுடப் பழகலாம் என்பார்கள். சொல்வது எளிது. குறி பார்க்கும் கண்ணும் மாற வேண்டும், பல ஆண்டுப் பழக்கம் மாற வேண்டும். அவசரத்தில் கை பழைய தோளுக்கே போகும்.

இதனால்தான் அறுவைக்கு முன்பே சொல்லிவிடுவது மேல் என்கிறேன். நம் ஊரில் எந்த மருத்துவரும் "துப்பாக்கி சுடுவீர்களா?" என்று கேட்கப் போவதில்லை, கேட்கக் காரணமும் இல்லை. நாமாகச் சொன்னால் பக்கத்தை மாற்றியோ, தசைக்கு அடியில் ஆழமாகவோ வைக்க வழி உண்டா என்று அவர் பார்ப்பார். தொடைச் சிரை வழியாகக் கொண்டுபோய் இதய அறைக்குள்ளேயே நிறுத்தும் கம்பியில்லா இதயமுடுக்கிகளும் இப்போது உள்ளன. மார்பில் பையும் இல்லை, கம்பியும் இல்லை என்பதால் உதைப்பைப் பற்றிய கவலை அங்கே எழாது. ஆனால் அது எல்லா இதயக் கோளாறுக்கும் பொருந்தும் கருவி அல்ல.

கருவி வைத்த முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, பளு தூக்கக் கூடாது என்பது பொது விதி. கம்பியின் நுனி இதயத் தசையில் பிடித்துக்கொள்ள அந்தக் காலம் வேண்டும். இடப்பக்கம் கருவி உள்ள வலக்கைக்காரரும் இந்த நாட்களில் துப்பாக்கியைத் தொடாமல் இருப்பதே நல்லது. குழலைத் தாங்கி உயர்த்துவது இடக்கைதான் அல்லவா?

மாணவர் படையில் படுத்த நிலையில் சுடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 0.22-இன் உதைப்பு சிறிது. ஆனால் படுத்துச் சுடும்போது உடலின் எடை மார்பின் மேல் விழுகிறது. இடக்கையில் இறுக்கிச் சுற்றும் வார் அந்தப் பக்கத் தோளைத் தொடர்ந்து இழுக்கிறது. கருவி இருக்கும் இடம் அழுந்தி வலித்தால், நின்றோ முழங்காலிட்டோ சுட அனுமதி கேட்க வேண்டும். பயிற்சி அதிகாரிக்கு முன்கூட்டித் தெரிந்தால்தான் அது நடக்கும்.

கைத்துப்பாக்கிக்கு இந்தக் கவலை குறைவு. உதைப்பைக் கைகளும் முழங்கையும் வாங்கிக்கொள்கின்றன, மார்பில் எதுவும் பதிவதில்லை.

நாடி சொல்லும் செய்தி

கம்பி முறிந்தால் உடனே தெரிய வேண்டும் என்பதில்லை. சில நாள் கழித்துத் தலைசுற்றல், கண் இருட்டிக்கொண்டு வருதல், காரணமில்லாத மூச்சிரைப்பு, கருவியைச் சுற்றித் தசை துடித்தல், விடாத விக்கல் என்று வரலாம். வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை நாடி பார்ப்பது. கருவியில் ஒரு கீழ்வரம்பு அமைத்திருப்பார்கள், பலருக்கு அது நிமிடத்துக்கு 60. உங்கள் வரம்பு என்ன என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு நிமிடம் எண்ணி, நாடி அதற்குக் கணிசமாகக் கீழே இருந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதய மேலறைகளும் கீழறைகளும் தொடர்பறுந்த முழுத் தடை உள்ளவர்கள் முற்றிலும் கருவியை நம்பி வாழ்பவர்கள். கம்பி முறிந்தால் அவர்கள் நிலைமை மோசமாகிவிடும். ஆகவே அவர்கள் கருவி உள்ள பக்கத் தோளில் உதைக்கும் துப்பாக்கியை வைப்பதே கூடாது என்பது என் கருத்து.

வெடிச் சத்தம் கருவியைக் கெடுக்குமா என்று கேட்பார்கள். கெடுக்காது. துப்பாக்கியில் மின்காந்தப் புலம் எதுவும் எழுவதில்லை. உடலின் அசைவை உணர்ந்து துடிப்பைக் கூட்டும் உணரி உள்ள கருவிகள், குண்டும் குழியுமான சாலையில் ஜீப்பில் போகும்போது சற்று வேகம் கூட்டுவதுண்டு. ஓரிரு வெடி அதிர்வு அதற்குப் போதாது. காந்தம்தான் கவனிக்கத்தக்கது. காதுக்குப் போடும் மின்னணுக் கவசங்களில் ஒலிபெருக்கிக் காந்தம் இருக்கும். காதில் இருக்கும்வரை பாதகமில்லை, கழற்றி மார்பில் தொங்கவிடக் கூடாது. கைப்பேசிக்கும் அப்படியே, இடப்பக்கச் சட்டைப் பையில் வேண்டாம், 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். காவலர் வேலையில் கையடக்க உலோகச் சோதனைக் கருவியைப் பயன்படுத்துவோர் அதைத் தம் மார்பருகே நிறுத்தி வைக்கக் கூடாது.

அதிர்ச்சி கொடுக்கும் கருவி உள்ளோர்

இதயமுடுக்கியைப் போலவே இருந்தாலும் வேலையில் வேறான ஒரு கருவி உண்டு. இதயம் ஆபத்தான வேகத்தில் தாறுமாறாகத் துடித்தால் உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்குவது அது. மருத்துவர்கள் சுருக்கமாக ஐசிடி என்பார்கள். குதிரை மார்பில் உதைத்தது போல இருந்தது என்று அதை அனுபவித்தவர்கள் சொல்வதுண்டு. தோட்டா நிரப்பிய துப்பாக்கியின் விசையில் விரல் இருக்கும் கணத்தில் அந்த அதிர்ச்சி வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உடல் துள்ளும், குழல் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. அதிர்ச்சிக்கு முந்தைய சில வினாடிகளில் மயக்கமும் வரலாம். இங்கே ஆபத்து நோயாளிக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் உண்டு. சமீபத்தில் அதிர்ச்சி வாங்கியவரும், காரணம் தெரியாமல் மயங்கி விழுந்தவரும் வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர்கள் தடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். வண்டிக்குப் பொருந்தும் தடை துப்பாக்கிக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். தனியாகக் காட்டோரத்தில் இரவுக் காவலுக்குப் போவதை இவர்கள் விட்டுவிட வேண்டும்.

செயற்கை வால்வு: சித்ரா தந்த பாடம்

இதயத்தில் நான்கு வால்வுகள். இரத்தம் ஒரே திசையில் ஓடச் செய்யும் கதவுகள் இவை. இந்தியாவில் முடக்குக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் நெடுங்காலமாக மிகுதி. வெளிநாட்டு வால்வு வாங்க வசதியில்லாமல் இருந்த காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மருத்துவர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் ஒரு குழு உள்நாட்டிலேயே வால்வு செய்ய முனைந்தது. குலசேகரத்தில் இருந்து அந்த நிறுவனம் சுமார் 50 கிலோமீட்டர். குமரி மாவட்டத்து இதய நோயாளிகள் பலருக்கும் பழக்கமான இடம்.

முதல் மூன்று மாதிரிகள் சோதனைகளில் தேறவில்லை. நான்காவது மாதிரி செம்மறி ஆடுகளில் வெற்றி பெற்ற பிறகு, 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டிடிகே நிறுவனம் உற்பத்தியை ஏற்றது. சித்ரா வால்வு என்று பெயர் பெற்ற அது இதுவரை லட்சம் பேருக்கு மேல் பொருத்தப்பட்டுள்ளது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

அதன் அமைப்பு எளிது. கோபால்ட், குரோமியம் கலந்த வலிய உலோகக்கலவையில் ஒரு வளையம். அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. தட்டு மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனால் ஆனது. வளையத்தைச் சுற்றித் தையலுக்கான பாலியெஸ்டர் துணி. இதயத் திசு சில மாதங்களில் இந்தத் துணிக்குள் வளர்ந்து வால்வை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

உதைப்பால் இந்த வால்வு கழன்றுவிடுமா, உடைந்துவிடுமா? நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் தட்டு ஒரு நாளில் லட்சம் முறை திறந்து மூடுகிறது. ஓர் ஆண்டில் மூன்றரைக் கோடிக்கும் மேல். ஒவ்வொரு முறையும் இரத்தத்தின் அழுத்தம் அதை அறைந்து மூடுகிறது. இதற்கென்றே ஆய்வகத்தில் கோடிக்கணக்கான முறை இயக்கிச் சோதித்த பொருள் அது. தோளில் விழும் உதைப்பைத் தசையும் எலும்பும் வாங்கிக்கொள்கின்றன. காயம் நன்றாக ஆறியவருக்கு, அது வால்வைப் பெயர்க்கும் அளவில் இதயத்தை எட்டுவதில்லை. வளையம் காந்தத்தால் ஈர்க்கப்படுவதும் இல்லை.

ஆனால் "காயம் நன்றாக ஆறியவருக்கு" என்பதை மறக்கக் கூடாது. வால்வு மாற்ற நடு மார்பெலும்பை நெடுக அறுத்துத் திறந்து, முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். எலும்பு ஒட்ட ஆறு முதல் எட்டு வாரம், முழு வலிமை பெற மூன்று மாதம் அளவில் ஆகும். அதற்குள் 12 போரைச் சுட்டால் கட்டு தளர்ந்து எலும்பு பிரியக்கூடும். அது மீண்டும் அறுவை அறைக்குக் கொண்டுபோகும் துன்பம்.

காதுக் கவசம் அணிந்தவுடன் "டிக் டிக்" என்று உள்ளே கேட்டுச் சிலர் பயப்படுவார்கள். உலோக வால்வு மூடும் ஓசை வெளிச் சத்தம் அடங்கியதும் கூடுதலாகக் கேட்கிறது, அவ்வளவுதான். ஓசைக்கு அஞ்சிக் கவசத்தைக் கழற்றிவிட்டுச் சுடக் கூடாது.

மாத்திரைதான் முக்கியம்

உலோக வால்வு உள்ளவருக்கு உண்மையான ஆபத்து வால்வில் இல்லை, இரத்தத்தில் இருக்கிறது. செயற்கைப் பொருளின் மேல் இரத்தம் உறையாமல் இருக்க, வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகளை அவர் வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டும். ஐஎன்ஆர் என்ற இரத்தப் பரிசோதனையில் அளவு மைட்ரல் வால்வுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5, பெருந்தமனி வால்வுக்குப் பெரும்பாலும் 2 முதல் 3 என்று வைத்திருப்பார்கள். மாத்திரை உண்ணாதவருக்கு இது 1. அதாவது இவர்களுக்கு இரத்தம் உறைய இயல்பைவிட நேரமாகும்.

பிறருக்கு மறுநாள் நீலமாகி மறையும் தோள் கன்றல், இவர்களுக்கு உள்ளங்கை அளவு இரத்தக் கட்டாகலாம். குறிகாட்டி புருவத்தில் இடித்தால், தோட்டா அறை மூடும்போது விரல் நசுங்கினால் இரத்தம் எளிதில் நிற்காது. எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து துப்பாக்கியோடு நேரடித் தொடர்பே இல்லாதது: இருட்டில் வரப்பில் தடுக்கி விழுந்து தலையில் அடிபடுவது. வெளியே காயம் தெரியாமலேயே மண்டைக்குள் இரத்தம் கசியும். தலையில் அடிபட்டால், நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும், உடனே மருத்துவமனைக்குப் போய் "இரத்தம் உறையாமைக்கு மாத்திரை உண்கிறேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

இதைக் கேட்டதும் சிலர் ஒரு குறுக்கு வழி யோசிப்பார்கள்: சுடப் போகும் முன் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிடலாமே என்று. ஒருபோதும் செய்யக் கூடாது. வால்வில் கட்டி உறைந்தால் தட்டு அசையாமல் நின்றுவிடும், அல்லது கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும். உதைப்பால் வரும் எந்தக் கன்றலும் இதற்கு ஈடாகாது. மாத்திரையை நிறுத்தித்தான் சுட முடியும் என்றால் சுட வேண்டாம்.

கன்றிய தோளுக்கு வலி மாத்திரை என்று கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கி விழுங்குவதும் தவறு, இரத்தக் கசிவு கூடும். குமரி மாவட்டத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. தோளில் அடிபட்டால் ஆசானிடம் போய்த் தைலம் போட்டுத் தடவுவோம். வர்ம ஆசான்களின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இதயமுடுக்கி உள்ள பக்கத்தையும், வார்ஃபரின் உண்பவரின் இரத்தக் கட்டையும் அழுத்தித் தடவக் கூடாது. கருவியை ஆசானின் விரல் நகர்த்திவிடலாம், கட்டு பெருகலாம். ஆசானிடமும் இதைச் சொல்லிவிட்டால் அவரே தொட மாட்டார்.

மாட்டின் இதய உறையிலோ பன்றியின் வால்விலோ செய்த உயிர்த்திசு வால்வுகள் உள்ளோருக்குப் பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்கு மேல் இம்மாத்திரை தேவைப்படாது. அவர்களுக்கு மேற்சொன்ன கவலை குறைவு.

போட்டியாளர்களுக்கு ஒரு குறிப்பு

துப்பாக்கி சுடுதல் வயதானவர்க்கும் இடம் தரும் விளையாட்டு. சுவீடனின் ஆஸ்கர் ஸ்வான் 1920 ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றபோது அவருக்கு வயது 72. இதய நோயாளிகளுக்கும் இளைப்பாறலாகக் காற்றுத் துப்பாக்கி ஏற்றதே. ஆனால் முறையான போட்டிக்குப் போனால் ஒரு தடை குறுக்கே நிற்கும். இதயத் துடிப்பைத் தணிக்க மருத்துவர்கள் பரவலாகக் கொடுக்கும் மெட்டோப்ரோலால், அடினலால், ப்ரோப்ரனலால் வகை மாத்திரைகள் கை நடுக்கத்தையும் குறைப்பதால், இவ்விளையாட்டில் தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலில் உள்ளன. வடகொரியாவின் கிம் ஜோங்-சு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வென்ற இரண்டு பதக்கங்களையும் ப்ரோப்ரனலால் காரணமாக இழந்தார். பதக்கத்துக்காக இதய மருந்தை நிறுத்துவது அறிவுடைமை அல்ல. மருத்துவரிடமும் சங்கத்திடமும் முன்கூட்டிப் பேசி, தேவையானால் போட்டி அல்லாத பயிற்சியோடு நின்றுகொள்ளலாம்.

சட்டமும் மறைத்தலும்

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பதை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் நெறிப்படுத்துகின்றன. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் ஐந்தாண்டுக்கு வழங்கப்படுகிறது. 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத, 20 ஜூலுக்கு மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். எந்தக் காரணத்தாலாவது தகுதியற்றவர் என்று அதிகாரி கருதினால் உரிமத்தை மறுக்கச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இடம் தருகிறது. இதயமுடுக்கி என்றோ செயற்கை வால்வு என்றோ அந்தப் பிரிவு பெயர் சொல்லவில்லை. ஆகவே கருவி வைத்ததாலேயே உரிமம் போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

வேலை விஷயம் வேறு. காவலர் பணியில் உள்ளவர், கருவியைச் சொன்னால் வேலை போய்விடும் என்று சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நிற்பது நடக்கக்கூடியதே. ஓய்வூதியம் போதாத வீட்டில் அந்தச் சம்பளத்தில் ஒரு பிள்ளை படிக்கும். அந்த அச்சத்தை எளிதாகக் குறை சொல்லிவிட முடியாது. ஆனால் மறைப்பதால் வருவது என்ன என்று பார்க்க வேண்டும். ஆண்டுப் பயிற்சியில் அவர் மற்றவரைப் போலவே தோட்டாக்களைச் சுட்டாக வேண்டும், தவறான தோளானாலும். மயங்கி விழுந்தால் தூக்குபவருக்குக் காரணம் தெரியாது. கீழே விழுந்த துப்பாக்கியில் தோட்டா இருக்கும். மாறாக, வலத்தோளில் சுடலாம், இத்தனை வாரம் கழித்துச் சுடலாம் என்று இதய மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தால், நிறுவனம் அவரை ஒதுக்குவதற்கான காரணம் பெரும்பாலும் இல்லாமல் போகும். ஐசிடி உள்ளவருக்கோ துப்பாக்கி இல்லாத காவல் இடத்தைக் கேட்பதுதான் முறை. கேமராத் திரை முன் உட்காருவதும் காவல் வேலையே.

கருவி பொருத்தும்போது மருத்துவமனையில் ஓர் அடையாள அட்டை தருவார்கள். கருவியின் மாதிரி, பொருத்திய நாள், பக்கம் எல்லாம் அதில் இருக்கும். அதன் பின்புறமோ தனித் தாளிலோ உண்ணும் மாத்திரையின் பெயரையும் கடைசி ஐஎன்ஆர் அளவையும் எழுதி, உரிமப் புத்தகத்தோடு ஒரே உறையில் வைத்துக்கொண்டால், துப்பாக்கி போகும் இடமெல்லாம் அந்தச் செய்தியும் கூடவே போகும்.